காலிப் பெட்டியின் இரைச்சல்

மார்ச் 22, ஞாயிறு

காலை ஒன்பதுக்கே வெயில் தாங்கவில்லை. வடாம் மாவு கிளறி வைத்தது அடுப்பங்கரையில் ஆறிக் கிடக்கிறது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போக மனசில்லை.

பின் அறை மேஜையில் சதுரமாக ஒரு இடம் மட்டும் தூசி இல்லாமல். நேற்றுக் காலை வரை கம்ப்யூட்டர் இருந்த இடம். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ர. அதைத் தூக்கிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டார். மானிட்டரையும் கீபோர்டையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார், பெரிய மனசு.

(ர. என்றால் ரங்கராஜன், என் அகத்துக்காரர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம். கோபம் தீரும் வரை இந்த நோட்டில் அவருக்கு முழுப் பெயர் கிடையாது.)

காரணம், இரைச்சல். தினம் மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை ஹாலில் உட்கார்ந்து போன் வழியாகப் பிரபந்தச் சந்தை வகுப்பு எடுக்கிறார். அவர் பாசுரத்தில் ஒரு வரி சொல்ல, கேட்பவர்கள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகம் பார்க்கக் கூடாது. காதால் மட்டுமே கற்க வேண்டும் என்பது முறை. அமெரிக்காவில் மூன்று பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அங்கே அப்போது விடிகாலை. அவர்களில் ஸ்ரீதர் என்பவர் இரண்டு மாதமாக ஒரே புகார்: "ஸ்வாமி, பின்னாடி ஏதோ இரைச்சலா இருக்கு. வார்த்தை பிடிபட மாட்டேங்கறது."

இரைச்சல் என்றால் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் நான். தீர்ப்பு எழுதியாயிற்று.

"பொண்ணு காலேஜ் படிக்கறப்போ வாங்கினது. அவளே வேண்டாம்னுட்டுப் போயிட்டா. மாவு மில் மாதிரி கத்தறது. எடைக்குப் போட்டுட்டேன்."

"அதுக்குள்ள என்ன இருந்ததுன்னு பாத்தேளா?"

"என்ன இருந்தது? கேம்தானே."

கேம்தான். மூன்று வருஷமாகக் கட்டிய ஊர். ஒரு ஆறு, இரண்டு பாலம், டிராம் பாதை, இரண்டு லட்சம் ஜனம். எந்தத் தெருவிலும் மழைத் தண்ணீர் நிற்காது. சாக்கடைக் குழாய்களை ஐந்து தடவை பிடுங்கிப் போட்டு மாற்றியிருக்கிறேன். எல்லாம் எடைக்குப் போயிற்று.

அழவில்லை. எழுதி வைக்கிறேன்: அழவில்லை. வடாம் மாவைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

துவாக்குடி யூனிட்டில் வேலை. மூன்று லோடு குழாய். ஒன்றில் வெல்டு சரியில்லை, திருப்பி அனுப்பினேன். டிரைவர் முறைத்தார். முறைக்கட்டும்.

இருபத்தாறு வருஷமாக இந்த யூனிட்டில் தரப் பரிசோதனைக் கையெழுத்து என்னுடையது. நான் வேண்டாம் என்று எழுதினால் பெரிய பிளான்ட்டுக்குப் போகிற லாரி கேட்டைத் தாண்டாது. என் வீட்டில் என் மேஜை மேல் இருந்தது கேட்டைத் தாண்டியதோ எனக்குத் தெரியவே தெரியாது. பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க மறந்து, கண்டக்டர் தட்டி எழுப்பாத குறை.

கிரைண்டிங் பகுதியில் நின்ற நாள் என்பதால் காதில் 'ங்' என்று ஒரு சத்தம். வீடு வந்தும் நிற்கவில்லை.

ர. தானாகவே பேச்சை எடுத்தார். குற்ற உணர்வு என்று நினைத்தேன். இல்லை.

"சத்தமே போடாத ஒண்ணு இருந்தா வாங்கி வெச்சுக்கோயேன். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? அப்படி ஒண்ணு கிடையாது. அதுதான் விஷயம்."

சொன்னார் அல்லவா? எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் இப்படித்தான் ஆரம்பிப்பார். முடியாது என்று அவர் நினைப்பதைக் கேட்பார். நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேவை:
– அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது.
– ஊர் கட்டும் கேம் திக்காமல் ஓட வேண்டும். ஜனத்தொகை எவ்வளவு ஏறினாலும்.
– டி.வி.யில் மாட்டினால் படம் பார்க்க வேண்டும்.
– எழுபதாயிரத்துக்குள். என் போனஸ்.
– யாரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை.

கடைசி வரி தேவையில் சேராது என்று தெரியும். இருக்கட்டும்.

மார்ச் 25, புதன்

வாழைக்காய் தீர்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும்.

மூன்று நாளாகப் பஸ்ஸில் போக வர வீடியோ. தெரிந்துகொண்டது: கம்ப்யூட்டரில் சத்தம் போடுவது இரண்டே சமாசாரம். ஃபேன், பழைய ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் ஒரு தொல்லை ஒழிந்தது. அதில் சுற்றுகிற பாகமே இல்லை. ஃபேன் விஷயம் இன்னும் எளிது. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால் கத்தும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கத்தாது. வித்தை இவ்வளவுதான், மீதி விளம்பரம்.

ஒரு வீடியோ மிகவும் பிடித்திருந்தது. வெளிநாட்டு ஆள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பேசுகிறார். ஒரு கேபினட்டை, அதாவது எல்லா பாகமும் உட்காருகிற வெளிப்பெட்டியை, காட்டினார். நான்கு பக்கமும் உள்ளே பஞ்சு ஒட்டி, முன்பக்கம் கதவு மாதிரி மூடி. மைக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே ஆர்டர் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வருமாம்.

ர. சாப்பிடும்போது, "எங்க வரைக்கும் போச்சு உன் ஆராய்ச்சி?" சிரிப்போடு. ரசம் விடட்டுமா என்று கேட்டேன்.

மார்ச் 28, சனி

அரை நாள் வேலை. துவாக்குடியிலிருந்து நேரே மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடிக் கடை. சலீம் பாய். ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மதர்போர்டு பார்க்கிறவர்.

"வாங்க மேடம். பையனுக்கா?"

"எனக்கு."

"ஆஃபீஸ் வேலைக்கா?"

"கேம் ஆட."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வி என்னவோ என்று நான் தயாராக நின்றேன். அவர் கேட்டது: "என்ன கேம்?"

பதினைந்து நாள் யோசித்தாலும் ர.வுக்குத் தோன்றாத கேள்வி. சொன்னேன். தலையை ஆட்டினார். "அது பிராசஸரைத்தான் புழிஞ்சு எடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டுல நெறையக் கொட்டாதீங்க."

முதலில் ஒரு விளக்குப் பெட்டியைக் காட்டினார். ஃபேன் எல்லாம் கலர் கலராக மினுக்கிக்கொண்டு, கல்யாண மண்டப வாசல் மாதிரி. வேண்டாம் என்றேன். அடுத்து, தண்ணீர் ஓடிக் குளிர வைக்கிற செட். அதில் ஒரு பம்ப்பும் ஓடுமே, அதற்கும் ஒரு சத்தம் உண்டே என்றேன். அதையும் உள்ளே எடுத்து வைத்தார். பிறகு ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு, ஒரே கை மாறியது, திறக்கவே இல்லை என்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"நாலு ஸ்க்ரூவில ரெண்டோட தலை தேஞ்சிருக்கு. யாரோ திறந்திருக்காங்க."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "போலீஸா மேடம் நீங்க?"

"க்யூ.சி."

"அது அதுக்கும் மேல." கார்டைத் தனியாக ஒதுக்கி வைத்தார். "இத கொண்டாந்தவனை நாளைக்குக் கேக்குறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒழுங்காகப் பேசினோம். கேபினட் ஏற்கெனவே ஆர்டர் போட்டாயிற்று என்று போனில் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"பஞ்சு வெச்சதா? ஏன் மேடம்?"

"சத்தம் வெளியே வராதாம்."

"வராது. காத்தும் உள்ள வராது. அந்த வீடியோக்காரர் ரூமு என்ன சூடு?"

ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

"உங்க வீட்ல ஏ.சி. இருக்கா?"

"இல்லை."

"சித்திரை வருது மேடம். பெட்டிக்குள்ள சூடு ஏறும், ஃபேன் வேகத்தைக் கூட்டும், கத்தும். எதுக்குப் பயந்து வாங்கினீங்களோ அதே வரும்."

சோதனை எந்த இடத்தில், எந்தச் சூட்டில் நடந்தது என்று கேட்காமல் ஒரு ரிப்போர்ட்டையும் கையில் வாங்காதவள் நான். புதுப் பையன்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன். ஸ்வெட்டர் போட்டவன் சொன்னதை நம்பி, முப்பத்தொன்பது டிகிரி ஊரில் கம்பளி போர்த்திய பெட்டி வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. திருப்பி அனுப்ப வேண்டும்.

சலீம் பாய் மாடிப்படி வரை வந்தார். "வலை போட்ட கேபினட் ஒண்ணு வெள்ளிக்கிழமை வருது, இன்ஷா அல்லா. பெரிய ஃபேன். எடுத்து வெக்கிறேன்."

மார்ச் 30, திங்கள்

பஞ்சுப் பெட்டி வந்தது. திருப்பி எடுக்க ஆள் வியாழக்கிழமைதான் வருவாராம். இருந்தும் பிரித்துப் பார்த்தேன். பிரிக்காமல் இருக்க முடியவில்லை. நல்ல வேலைப்பாடு. ஊர்தான் தப்பு. பின் அறை மேஜையில் அந்தத் தூசி இல்லாத சதுரத்தில் வைத்தேன். பொருந்தியது.

இப்போது நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறே முக்கால். ர. ஹாலில் வகுப்பு. நான் பின் அறையில் தோய்த்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். போனில் ஸ்ரீதரின் குரல்: "ஸ்வாமி மன்னிக்கணும், அடியேனுக்கு இன்னிக்கும் இரைச்சலாவே கேக்கறது. அந்த வரியை மறுபடி சாதிக்கணும்." (சொல்லணும் என்பதற்கு மரியாதை வார்த்தை.)

ர. சொன்னார்: "ஆத்துல மறுபடி ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கு ஸ்வாமி. அதான்." பிறகு உள்ளே பார்த்து: "வைதேகி, அதைச் செத்த நிறுத்தேன். உம்முனு கேக்கறது."

எதை நிறுத்த? மேஜை மேல் இருப்பது வெறும் தகரப் பெட்டி. உள்ளே ஒன்றும் கிடையாது. ஃபேன் கிடையாது, போர்டு கிடையாது, கரண்ட் ஒயர்கூடக் கிடையாது. இரண்டு பக்கப் பலகையையும் கழற்றி வைத்திருந்தேன், அந்தப் பக்கச் சுவரும் காலண்டரும் தெரிந்தன.

நான் ஹால் வாசலில் போய் நின்றேன். "நிறுத்திட்டேன்."

"பாத்தியா," என்றார். "இப்ப எவ்வளவு நிம்மதியா இருக்கு."

போனில் ஸ்ரீதர்: "இன்னும் இருக்கு ஸ்வாமி."

"போகப் போக அடங்கும்."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். ஒரு வாளி நிரம்பும் வரை சிரித்தேன். சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. முதல் நாள் வந்ததைவிடப் பெரிய கோபம்.

அவருக்குக் கேட்டது பெட்டியின் சத்தம் இல்லை. எனக்கென்று ஒரு பொருள் வீட்டுக்குள் வந்திருக்கிறது, அது அவருக்கு உம்மென்று கேட்கிறது. நான் சத்தமே போடாத ஒன்றைத் தேடி அலைகிறேன். சத்தமே போடாத பெட்டியைத்தான் அவர் நிறுத்தச் சொன்னார். இனி எதை வாங்கினாலும் அவர் காதுக்கு ஒத்துவராது.

அப்படியென்றால் அவர் காதுக்காக எதற்கு வாங்க வேண்டும்?

ஏப்ரல் 1, புதன்

கோயிலில் பங்குனி உற்சவக் கூட்டம். ராஜகோபுரத்திலிருந்து நடந்துதான் வர வேண்டியிருந்தது, பஸ் உள்ளே வரவில்லை.

மதியம் சேஃப்டி ஸ்டெல்லாவிடம் போய் சத்தம் அளக்கிற மீட்டரை ஒரு நாளைக்குக் கடன் கேட்டேன். ஸ்டெல்லா எங்கள் யூனிட்டில் காதடைப்பான் போடாதவர்களை விரட்டிப் பிடிக்கிற அதிகாரி.

"வீட்ல என்னங்க, கிரைண்டிங் நடக்குதா?"

"காலிப் பெட்டி ஒண்ணு இரையுதுன்னு கம்ப்ளெய்ன்ட்."

"யாரு கம்ப்ளெய்ன்ட்?"

"வீட்டுக்காரர்."

ஸ்டெல்லா அலமாரியைத் திறந்தாள். "ஒரு வாரம்கூட வச்சுக்கங்க," என்றாள். புது பேட்டரி வேறு போட்டுக் கொடுத்தாள்.

ர. சேவிக்கக் கோயிலுக்குப் போயிருந்தபோது அளந்தேன். முறைப்படி, ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை, டெசிபலில்.

பின் அறை, காலிப் பெட்டி: 34
பின் அறை, பெட்டியை வெளியே எடுத்துவிட்டு: 34
ஹால், ஒன்றும் ஓடாமல்: 38 (தெருச் சத்தம்)
ஹால், ர.வின் நாற்காலி, சீலிங் ஃபேன் ஐந்தில்: 57

ஐம்பத்தேழு. மறுபடி அளந்தேன். ஐம்பத்தேழு. அந்த ஃபேன் எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது. நாற்காலிக்கு நேர் மேலே. அவர் போன் ஸ்டாண்டு அதற்கு நேர் கீழே, காற்று முழுக்க மைக்கில் விழும்படி. நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்து பழகிவிட்டதால் அது ஒரு சத்தம் என்றே தெரியவில்லை. ஸ்ரீதருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, பாவம்.

நேர்மையாக எழுத வேண்டும்: என் பழைய கம்ப்யூட்டரும் கத்தத்தான் கத்தியது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால். அது போன பிறகும் ஸ்ரீதரின் புகார் நிற்கவில்லை. இந்த ஃபேனை யாரும் எடைக்குப் போடவில்லை.

சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால், "உனக்கு எதையும் அளந்து பாத்தாத்தான் தூக்கம் வரும்" என்பார். காலிப் பெட்டியை நிறுத்தியதும் நிம்மதி அடைந்தவர் மீட்டரையா நம்பப் போகிறார்? மெஷின் வரட்டும்.

இரண்டு முடிவு.

ஒன்று: பின் அறை கிடையாது. ஹால். டி.வி. பக்கத்தில். நான் எதற்கு மூலையில்?

இரண்டு: அமைதியான மெஷின்தான் வாங்கப் போகிறேன். ஆனால் எனக்காக. பகல் முழுக்கத் தொண்ணூறைத் தாண்டிய சத்தத்தில் நிற்கிற காது இது. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒன்றும் கேட்காமல் ஒரு ஊர் கட்ட வேண்டும். அதற்கு நான் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 4, சனி

பஞ்சுப் பெட்டியை வியாழனன்று எடுத்துப் போய்விட்டார்கள். ர. கவனிக்கவில்லை. நேற்று வகுப்பில்கூட, "உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று சலீம் பாய் கடை. வாங்கியது:

பிராசஸர் – ஆறு கோர், குறைந்த மின்சாரம் எடுக்கிறது. எட்டு கோருக்கு ஆசைப்பட்டேன், பாய் தடுத்தார். சூடும் கூடும், காசும் கூடும். சரிதான்.

கூலர் – கூடவே வருகிற சின்னதை அங்கேயே விட்டுவிட்டேன். அதுதான் கத்துகிற ஜாதி. தனியாக உயரமான ஒன்று, தடிமனான தகடுகள், ஒரு பெரிய ஃபேன்.

ரேம் – பதினாறு ஜி.பி. முப்பத்திரண்டு போட்டிருக்க வேண்டும். இந்த வருஷம் ரேம் விலை தலைக்கு மேல் போய்விட்டது, பாயே விலை சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார். இரண்டு ஸ்லாட் காலியாக இருக்கிற போர்டாக எடுத்தேன். ஜனத்தொகை ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு – போன தலைமுறை, புதுசு, சீல் பிரிக்காதது. லேசான வேலையில் அதன் ஃபேன்கள் சுற்றாமலே நின்றுவிடும். படம் பார்க்கும்போது முழு மௌனம்.

பவர் சப்ளை – தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிது. பாரம் குறைந்தால் அதன் ஃபேனும் ஓய்வெடுக்கும். இதில் மட்டும் மலிவு பார்க்கவில்லை.

எஸ்.எஸ்.டி. – ஒன்று போதும்.

கேபினட் – முன்பக்கம் முழுக்க வலை. இரண்டு பெரிய ஃபேன். விளக்கு கிடையாது. பாய்க்கு வருத்தம்.

கடையிலேயே நானே பாகங்களைப் பூட்டினேன். பாய் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றார். பிராசஸர் மேல் தடவுகிற பேஸ்ட் கடுகளவு போதும் என்று நான், பட்டாணி அளவு வேண்டும் என்று அவர். பட்டாணி ஜெயித்தது. பின்னால் ஒரு வாடிக்கையாளர், "கடையில ஆளு யாரும் இல்லையா பாய், அம்மாவைப் பூட்ட வச்சிருக்கீங்க?" என்றார். பாய் திரும்பாமலே, "அவங்க பூட்டி முடிச்சதும் உங்களுதையும் செக் பண்ணச் சொல்றேன், உக்காருங்க" என்றார்.

முதல் தடவை சுவிட்ச் போட்டபோது ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லை என்று நினைத்து இருவரும் குனிந்தோம். ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலத்தில் மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். தோள் இப்போது வலிக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலை முழுக்க ஃபேன் வேகம் ஒழுங்கு செய்தேன். கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கிற மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். கேமில் வித்தியாசமே தெரியவில்லை, சூடு எட்டு டிகிரி இறங்கியது. வெளியே முப்பத்தெட்டு, உள்ளே முழு வேலையில் எழுபத்து நான்கு. ஏற்கத்தக்கது.

மதியம் ஹாலுக்குத் தூக்கி வந்து டி.வி. ஸ்டாண்டில் வைத்தேன். ர. பேப்பரை இறக்கினார்.

"இங்கயா?"

"இங்கதான்."

"இங்க நான் சந்தை சொல்றேன், வைதேகி."

"சொல்லுங்கோ. இது குறுக்க பேசாது."

"அந்த ரூம்ல இருந்தப்பவே அவாளுக்கு இரைச்சலாக் கேட்டுது. பக்கத்துல வெச்சா?"

எந்த ரூமில், எது இருந்தபோது என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்தேன்.

"சரி," என்றார். "நாளைக்கு நீ இதை ஓட விடு. ஸ்ரீதரே சொல்லட்டும். இரைச்சல்னு சொன்னார்னா இது ஆத்தை விட்டுப் போகணும். நான் இல்ல, நீயே கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"சொல்லலைன்னா?"

"இங்கயே இருக்கட்டும். நான் வாயைத் திறக்கலை."

"சரி" என்றேன். உடனே சொன்னேன்.

இப்போது பயமாக இருக்கிறது. மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் நாளைக்கு நெட் கொரகொரத்தால்? தெருவில் தண்ணீர் லாரி வந்தால்? ஸ்ரீதருக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தால்? எல்லாம் இதன் தலையில்தான் விழும். இதையும் இழந்தால் மூன்றாவது ஒன்று வாங்க என்னிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. ஃபேன் விஷயத்தை வகுப்புக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். மறைத்து ஜெயிப்பது க்யூ.சி. இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கிரைண்டிங் பகுதி இன்று. காதில் 'ங்'. மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டெல்லா, "என்ன ஆச்சு?" என்றாள். "இன்னிக்கு சாயங்காலம்" என்றேன். "போன் பண்ணுங்க."

ஆறு இருபது. டி.வி.யில் புது ஊரின் வெற்று நிலம், நடுவில் ஆறு. கேமை முழு வேகத்தில் வைத்தேன். பெட்டி அவர் நாற்காலியிலிருந்து நான்கடி. ர. வந்து உட்கார்ந்தார். திருமண் புதிதாக இட்டுக்கொண்டு, தேர்வுக்கு வந்தவர் மாதிரி.

"இங்க பாருங்கோ," என்று ஆரம்பித்தேன். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மேல அந்த ஃபேன்…"

"நானும் அதைத்தான் நினைச்சேன்." எழுந்து போய் அவரே சுவிட்சை அணைத்தார். "ஃபேன் சத்தத்துல இதோட இரைச்சல் அமுங்கிப் போயிடும். அது சரியில்லை. இப்ப சுத்தமாக் கேக்கும் அவருக்கு. அப்பறம் நீ சாக்கு சொல்லப்படாது."

நான் சொல்ல வந்ததை அவரே செய்துவிட்டார்.

ஃபேன் மூன்று சுற்று சுற்றி நின்றது. அந்த ஹாலில் அப்படி ஒரு நிசப்தத்தை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. பெட்டி என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கை வைத்துப் பார்த்துத்தான் நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

வகுப்பு. முதல் வரி. ர. சொன்னார். அந்தப் பக்கம் மூவரும் இரண்டு தரம் திருப்பினார்கள். இரண்டாவது வரி. மூன்றாவது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ர.வே பொறுக்க முடியாமல் கேட்டார்: "இன்னிக்கு எப்படிக் கேக்கறது ஸ்வாமி? இரைச்சல்?"

"அடியேனே கேக்கணும்னு இருந்தேன்," என்றார் ஸ்ரீதர். "ஸ்வாமி என்ன மாத்தினேள்? பக்கத்துல ஒக்காந்து சாதிக்கற மாதிரி இருக்கு. இத்தனை நாள் லகர ளகர வித்தியாசமே அடியேனுக்குக் கேட்கலை. தப்பாவே சொல்லிண்டிருந்திருக்கேன்."

மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள்.

ர. என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வரிக்குப் போனார். ஏழு மணிக்குள் சட்டை போடாத முதுகு முழுக்க வியர்வை. துண்டால் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஒரு கட்டத்தில் அவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, ஒரு விரலை மேலே தூக்கிச் சுழற்றினார். ஃபேன் போடேன் என்று.

நான் அவருடைய போனைச் சுட்டிக்காட்டினேன். விரலை இறக்கிக்கொண்டார்.

ஏழரைக்கு வகுப்பு முடிந்தது. ஃபேனைப் போட்டார். இப்போது அதன் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டது. கடகடவென்று, கூடவே ஒரு முனகல். அதையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புதன்கிழமைலேர்ந்து. மீட்டர் வெச்சு அளந்தேன். இன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்களே நிறுத்திட்டேள்."

"அப்ப அன்னிக்கு, பின் ரூம்ல உம்முனு கேட்டுதே, அது?"

"அது காலிப் பெட்டி. உள்ள ஒண்ணுமே இல்லை. வியாழக்கிழமை திருப்பியும் அனுப்பியாச்சு."

துண்டை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

"அந்தப் பழசுல…" என்றார்.

"ரெண்டு லட்சம் பேர் இருந்தா."

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருக்கவும் இல்லை. நான் பாட்டுக்கு மௌஸை எடுத்துக்கொண்டு டி.வி. முன் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார் ரங்கராஜன். திரையில் ஆற்றங்கரை ஓரமாக நான் கோடு போடுவதைப் பார்த்தார்.

"இது என்ன, தெருவா?"

"சாக்கடை."

"எடுத்த எடுப்புலயே சாக்கடையா? நம்மூர் மாதிரி நடுவுல கோயிலைக் கட்டிண்டு, அப்பறம் சுத்தி வீதி போடப்படாதோ?"

"நான் கட்டற ஊர்," என்றேன். "முதல்ல சாக்கடை."